சூம்பிய கையும் வெண்பனி மலையும்

(வானொலி மறையுரை: பொதுக்காலம் இரண்டாம் வாரம், புதன். நற்செய்தி வாசகம்: மாற்கு 3:1-6)



இன்றைய நற்செய்தி ஆறே வசனங்கள் கொண்டது. ஓய்வுநாள். தொழுகைக்கூடம். அங்கே கை சூம்பிய ஒருவர் இருக்கிறார். கூடியிருப்பவர்களில் சிலருக்கு அவருடைய கையைப் பற்றிக் கவலையில்லை. இயேசு அவரைக் குணமாக்குவாரா, குணமாக்கினால் குற்றம் சாட்டலாமே என்று கண்ணும் கருத்துமாய்க் காத்திருக்கிறார்கள். இயேசு அந்த மனிதரை எழுந்து நடுவில் நிற்கச் சொல்கிறார். ஓய்வுநாளில் செய்யத்தக்கது நன்மையா தீமையா என்று சுற்றி இருப்பவர்களைக் கேட்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய கல்மனத்தைக் கண்டு வருந்தி, கையை நீட்டும்படி அந்த மனிதரிடம் சொல்கிறார். கை நலமடைகிறது.

இதே நிகழ்ச்சியை எழுதும் லூக்கா, சூம்பியிருந்தது வலக்கை என்று சேர்த்துச் சொல்கிறார் (லூக் 6:6). உழைக்கும் கை, உணவை வாய்க்குக் கொண்டுபோகும் கை. இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். அது அவசர நோய் அல்ல. உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளிலும் உதவலாம் என்பதை யூத அறிஞர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சூம்பிய கை பொழுது சாயும்வரை காத்திருக்கும். ஓய்வுநாள் முடிந்ததும் குணமாக்கினால் ஒரு சிக்கலும் இல்லை. இருந்தும் இயேசு காத்திருக்கவில்லை. ஓய்வுநாளின் பொருளே மனிதர் மீண்டும் முழுமை பெறுவதுதான் என்று காட்டுவதற்கு, அந்த நாளையே தேர்ந்துகொள்கிறார்.

அன்பார்ந்தவர்களே, இன்று நம் நடுவிலும் நோயுற்ற கைகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்துக்கு முதலில் வந்த நம் பெற்றோர் பலர் உணவகச் சமையலறையிலும், துப்புரவு வேலையிலும், முதியோர் இல்லங்களிலும் உழைத்தார்கள். அவர்களுக்கு முதுகு வலித்தது, முழங்கால் வலித்தது. அவர்களுடைய பிள்ளைகள் அலுவலகங்களில் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். இவர்களுக்கு மணிக்கட்டு வலிக்கிறது.

விரல்களை அசைக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறுபோல வரும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களை இழுக்கின்றன. ஒரே அசைவை நாள் முழுக்க, ஆண்டுக்கணக்கில், ஓய்வில்லாமல் செய்தால் அந்த நாண்களும் அவற்றின் உறைகளும் நொந்துபோகும். சிலருக்கு மணிக்கட்டின் ஒடுக்கமான வழியில் செல்லும் நரம்பு நசுங்கி, இரவில் விரல்கள் மரத்துப்போகும். தூக்கத்திலிருந்து எழுந்து கையை உதறுவார்கள். குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போடவும் முடியாது.

இது கணினி கொண்டுவந்த புதுநோய் என்று நினைக்க வேண்டாம். தொழில்சார் நோய்களைப் பற்றி முதலில் முறையாக எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமத்ஸீனி, 1713இல் வெளிவந்த தம் நூலின் விரிவாக்கப் பதிப்பில், எழுத்தர்களின் நோய்களையும் சேர்த்தார். நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டே இருப்பது, பிழை வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம் ஆகிய மூன்றையும் காரணங்களாகச் சொன்னார். வலக்கை செயலிழந்த ஓர் எழுத்தர் இடக்கையால் எழுதப் பழகினார் என்றும், கொஞ்ச காலத்தில் அந்தக் கைக்கும் அதே நோய் வந்தது என்றும் அவர் குறிப்பிடுகிறார். இறகுப் பேனா போய்விட்டது, விசைப்பலகை வந்துவிட்டது. கை மட்டும் கடவுள் படைத்த அதே கைதான்.

இந்தக் காயத்தில் இன்னொரு துன்பமும் உண்டு. இரத்தம் இல்லை, கட்டுப் போட்ட புண் இல்லை. ஆகவே பலர் நம்புவதில்லை.

நம் பணியகத்தைச் சேர்ந்த ஒரு சகோதரிக்கு அண்மையில் இந்த நோய் வந்தது. ஆறு வாரங்களுக்குத் தட்டச்சு வேலை கூடாது என்று வைத்தியர் சான்றிதழ் கொடுத்தார். மணிக்கட்டை அசையாமல் பிடித்து வைக்கும் பட்டையையும் கொடுத்தார். கைக்குத்தான் ஓய்வு, கால்களுக்கு இல்லை, நன்றாக நடவுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அந்த நாள்களில் நம் குடும்பங்கள் சிலவற்றோடு ரிகி மலைக்கு நடக்கப் போனோம். அவரும் தம் கணவர், பிள்ளைகளோடு வந்தார்.

ரிகி மலையை இங்குள்ள நம்மவர்கள் அறிவீர்கள். லூட்சேர்ன் ஏரிக்கரையில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். ஐரோப்பாவின் முதல் மலை ரயில், பல்சக்கரத்தால் ஏறும் ரயில், 1871இல் ஓடத் தொடங்கியது இந்த மலையில்தான். கால்ட்பாடில் இறங்கி ஷைடெக் நோக்கி நடந்தோம். ஒரு காலத்தில் அந்த வழியிலும் ரயில் ஓடியது, 1931இல் நின்றுவிட்டது. தண்டவாளம் கிடந்த தடம் இன்று நடைபாதை. ரயிலுக்காகச் சமன்படுத்திய வழி என்பதால் செங்குத்தான ஏற்றம் இல்லை. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். குளிர்காலத்தில் வெண்பனியை அழுத்திச் சமப்படுத்தி, இளஞ்சிவப்பு அடையாளங்கள் நட்டு வைத்திருப்பார்கள்.

அன்று பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி. கீழே வீட்டு வாசலில் நின்றபோது வானமே தெரியவில்லை. ரயில் ஏற ஏற, ஓரிடத்தில் திரை விலகியதுபோல வெயில் அடித்தது. மேலே நின்று பார்த்தால், ஏரி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கடல். அதற்கு அப்பால் ஆல்ப்ஸ் சிகரங்கள். சகோதரி பட்டையின்மேல் தடித்த கம்பளிக் கையுறை போட்டிருந்தார். ஊன்றுகோல் பிடிக்க முடியாது. வழுக்கி விழுந்து கையை ஊன்றிவிடக் கூடாது என்று காலணியின் அடியில் முள்பட்டை மாட்டியிருந்தார். மெதுவாகத்தான் நடந்தார். ஆனால் பல மாதங்களாக நாம் அவர் முகத்தில் காணாத சிரிப்பு அன்று இருந்தது. பிள்ளைகள் எறிந்த பனியுருண்டை அவர் முதுகில் பட்டது. இடக்கையால் ஒன்றை உருட்டித் திருப்பி எறிந்தார்.

அவருடைய மகள் ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் பகிர்ந்தாள். மறுநாளே பேச்சு எழுந்தது. "கை ஏலாது எண்டு லீவு எடுத்தவ, மலைக்குப் போய்ச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறா." அந்தச் சொல் அவர் காதுக்கும் எட்டியது. அடுத்த ஞாயிறு அவர் திருப்பலிக்கு வரவில்லை.

அன்பார்ந்தவர்களே, இப்போது மாற்கு எழுதியதை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். தொழுகைக்கூடத்தில் சிலர் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நலம் பெறுவதைப் பார்த்து மகிழ வேண்டிய கண்கள், குற்றம் தேடும் கண்களாகிவிட்டன. இயேசுவுக்கு வருத்தமும் சினமும் வந்தது அதனால்தான்.

இந்தச் சகோதரி செய்தது சரியா? சட்டப்படிப் பார்த்தால் பதில் எளிது. ஓய்வு தேவைப்பட்டது கைக்கு. நடக்கச் சொன்னவர் வைத்தியர். ஆனால் அவரைப் புண்படுத்திய பேச்சுக்கு அடியில் வேறொரு எண்ணம் இருக்கிறது. நோயாளி என்றால் நோயாளியாகவே தெரிய வேண்டும், வேலை செய்யாதவருக்கு மகிழ உரிமையில்லை என்ற எண்ணம். மகிழ்ச்சி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் கூலி என்று நாம் நம்பிவிட்டோம்.

இது பார்வோனின் நம்பிக்கை. விடுதலைப் பயணம் ஐந்தாம் அதிகாரத்தில், பாலை நிலத்துக்குப் போய்க் கடவுளுக்கு விழா எடுக்க வேண்டும் என்று இஸ்ரயேலர் கேட்கிறார்கள். பார்வோன் அவர்களைச் சோம்பேறிகள் என்கிறான். வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது என்கிறான். கடவுள் அந்த மக்களை மீட்ட பிறகு கொடுத்த கட்டளைகளில் ஒன்று ஓய்வுநாள். இணைச்சட்ட நூல் அதற்குக் காரணம் சொல்கிறது: நீங்கள் எகிப்தில் அடிமைகளாய் இருந்தீர்கள், அதை மறக்க வேண்டாம் (இச 5:15). வேலை எல்லாம் முடிந்தால் ஓய்வெடுக்கலாம் என்று கடவுள் சொல்லவில்லை. வேலை ஒருநாளும் முடிவதில்லை. முடியாத வேலையின் நடுவே ஓய்வைக் கொடையாகப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறார்.

திருஅவை மலைநடையை வீண்பொழுது என்று ஒருநாளும் கருதியதில்லை. மிலான் நகரின் அம்ப்ரோசியானா நூலகத்தில் பழஞ்சுவடிகளோடு நாளைக் கழித்த அருள்பணி அக்கில்லே ராத்தி, 1889இல் மோந்தே ரோசாவின் 4,634 மீட்டர் உயரச் சிகரத்தில் ஏறினார். அவரே பின்னர் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் ஆனார். பனி மலைக் கணவாயில் வழிப்போக்கருக்கு விடுதி அமைத்த புனித பெர்னார்டை 1923இல் மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவர்தான். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலுக்கும் மலை என்றால் உயிர். நடுக்க நோய் வந்து நடக்க இயலாமல் போன பிறகும், 2004 வரை, இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்குக்குப் போய் மலைகளைப் பார்த்து அமர்ந்திருந்தார். நோய் தீர்ந்த பிறகு மகிழ்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை.

எல்லாருக்கும் இப்படி முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீடுகள் நம் ஊரில் இன்னும் உண்டு. இந்த நாட்டிலும் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு உழைக்கும் நம்மவர்கள் உண்டு. அதனால்தான் ஓய்வுநாள் கட்டளை, பணியாளரும் அந்நியரும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவும் 1891இல் எழுதிய தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில் ஓய்வைத் தொழிலாளியின் உரிமையாகவே வலியுறுத்தினார். நம்மிடம் வேலை செய்பவர்களுக்கு ஓய்வு கொடுக்கிறோமா? ஞாயிற்றுக்கிழமை நாம் இளைப்பாறும்போது அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு, மனைவிக்கு ஓய்வு உண்டா? பிறருடைய ஓய்வைப் பறித்து நாம் எடுக்கும் ஓய்வு ஆண்டவருடைய ஓய்வு அல்ல.

ரிகி மலையின் மறுபக்கம், க்ளோஸ்டர்லி என்ற இடத்தில், பனிமாதா ஆலயம் ஒன்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், மலையில் மாடு மேய்ப்பவர்களும் திருப்பலி காண வேண்டும் என்று முதல் சிற்றாலயம் அங்கே எழுந்தது. பனிமய மாதா நமக்கு அந்நியர் அல்லர். வெண்பனியையே கண்டிராத தூத்துக்குடிக் கடற்கரையில், ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5ஆம் நாள் அந்த அன்னைக்குத்தான் பெருவிழா எடுக்கிறார்கள். மீனவரின் உப்புக் காற்றிலும் மேய்ப்பரின் பனிக் காற்றிலும் உழைக்கும் கைகள் அதே அன்னையைத்தான் நோக்கிக் குவிகின்றன.

எசாயா இறைவாக்கினர், மழையும் பனியும் வானிலிருந்து இறங்கினால் நிலத்தை நனைத்து விளையச் செய்யாமல் திரும்புவதில்லை என்ற உண்மையைச் சொல்லி, கடவுளின் சொல்லும் அப்படித்தான் என்கிறார் (எசா 55:10-11). பனி மூடிய வயலைப் பாருங்கள். ஒன்றுமே நடக்காததுபோலத் தெரியும். ஆனால் அந்தப் போர்வையின் அடியில் விதை காக்கப்படுகிறது. பனி உருகும்போது வேருக்கு நீர் கிடைக்கிறது. நொந்த தசைநாணும் அப்படித்தான் ஆறுகிறது: மெதுவாக, யாருக்கும் தெரியாமல்.

ஆகவே இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்வோம். கை வலியோ மனச் சோர்வோ, நம் சூம்பிய கையை மறைத்து வைக்காமல் ஆண்டவர் முன் நீட்டுவோம். அவர் தரும் சிறு மகிழ்ச்சியை, குணமாகும் முன்னரே, கூச்சமின்றிப் பெற்றுக்கொள்வோம். அடுத்ததாக, நோயிலும் சிரிக்கும் ஒருவரைக் கண்டால் கணக்குப் பார்க்காமல், அவரோடு சேர்ந்து இறைவனுக்கு நன்றி சொல்வோம். நம் பேச்சால் கோவிலுக்கு வரத் தயங்கும் ஒருவர் இருந்தால், அவர் வீட்டுக் கதவைத் தட்டி, ஞாயிறு திருப்பலிக்குச் சேர்ந்து போவோம் வாருங்கள் என்று அழைப்போம்.

மன்றாடுவோம்: கைகளைப் படைத்த ஆண்டவரே, உழைத்து நொந்த எல்லாக் கைகளையும் தொட்டருளும். உமது ஓய்வை அச்சமின்றிப் பெற்றுக்கொள்ளவும், பிறருக்கு மனமுவந்து கொடுக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் கண்கள் குற்றம் தேடாமல், நீர் செய்யும் நன்மையைக் கண்டு மகிழச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.