போட்டிக் குதிரையின் நலம்

ஒலிம்பிக் விழாவில் 'ஈவென்டிங்' என்னும் குதிரையேற்றப் போட்டி ஒன்று உண்டு. பழகிய நடை, மேடுபள்ளங்களைக் கடந்தோடும் நெடிய ஓட்டம், தடை தாண்டல் ஆகிய மூன்றையும் ஒரே குதிரை ஒரே வீரரோடு செய்து முடித்தல் வேண்டும். இறுதித் தாண்டலுக்கு முன்னர், நடுவரும் கால்நடை மருத்துவரும் குதிரையை நடக்கவும் ஓடவும் செய்து பார்ப்பர். அது நொண்டுமாயின், முதலிடத்தில் நின்ற குதிரையாயினும் விலக்கப்படும். சில நிமிடங்களில் முடியும் அச்சோதனையில் வெளிப்படுவது பல மாதப் பராமரிப்பேயாகும்.

அப்பராமரிப்பு உணவில் தொடங்குகிறது. குதிரையின் உடல் பெரிது, இரைப்பையோ சிறிது. உண்டதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. நாளின் பெரும்பகுதி புல் மேய்வதே அதன் இயல்பு. ஆதலின், 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல்லைப் பகிர்ந்தளித்தல் வேண்டும். தானியத்தைச் சிறிது சிறிதாகவே தரலாம். ஒரே வேளையில் மிகுதியாகக் கொட்டினால் உயிரைப் பறிக்கும் வயிற்றுவலி நேரக்கூடும். 25 லிட்டருக்குக் குறையாத தூயநீரும் வேண்டும். கோடையிலும் கடும் உழைப்பிலும் அத்தேவை இருமடங்காகலாம்.

அடுத்தது குளம்பு. குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே விரலின் நுனியில் நிற்கும் விலங்கு. அவ்விரலைக் காக்கும் குளம்பு மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. நாள்தோறும் அதனைத் துப்புரவு செய்வதோடு, 6 முதல் 8 வாரங்களுக்கொருமுறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் செதுக்கிச் சீராக்குதல் வேண்டும்.

பயிற்சியில் பொறுமையே முதற்பாடம். மூச்சும் தசையும் சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். எலும்பும் தசைநாணும் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். எனவே கால்கள் ஆயத்தமாகுமுன்னரே குதிரை ஆயத்தமானது போலத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பி விரைபவர் குதிரையை முடமாக்குவர். நல்ல பராமரிப்பாளர் காலைதோறும் நான்கு கால்களையும் தடவி, சூடோ வீக்கமோ உண்டா என அறிவார். வலியை வாயால் சொல்ல இயலாத உயிருக்கு அவர் கையே காவல்.

பேணும் அறிவு இல்லாவிடில் நேரும் இழப்பை நம் நாட்டு வரலாறும் காட்டுகிறது. பாண்டிய மன்னர் கடல்வழியே பெருஞ்செல்வம் கொடுத்துக் குதிரைகளை வாங்கினர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அவற்றுள் மிகப் பல ஆண்டு முடிவதற்குள் மாண்டன என எழுதினார். குதிரையைப் பேணும் முறை அறியாமையையும், லாடம் கட்டும் வினைஞர் இல்லாமையையுமே அவர் காரணமாகக் கூறினார்.

தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவில் சேரும் வாய்ப்பு உங்களுட் சிலருக்குக் கிட்டலாம். அங்கே சேணத்தில் ஏறக் கற்குமுன், குளம்பைத் தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.