மரப்பெட்டிக்குள் 96.3

உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்து வால்வு ரேடியோ ஏதாவது கிடக்கிறதா? கிடந்தால், தூசி துடைத்த கையோடு பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

மலாயாவுக்கு வானொலி வந்ததே ஆர்வலர்கள் கையால்தான். 1921இல் ஜொகூர் அரசின் மின்துறை அதிகாரி ஏ.எல். பிர்ச் ஒரு ரேடியோப் பெட்டியைக் கொண்டுவந்தார். 1930இல் கோலாலம்பூர் ஆர்வலர் சங்கம் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து ஒலிபரப்பியது. ரேடியோ மலாயா பிறந்தது அதற்கெல்லாம் பிறகு, 1946 ஏப்ரல் முதல் தேதி. ஆக, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் பழைய ரேடியோக்களைப் பழுதுபார்க்க சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு பரம்பரை உண்டு.

எனக்கு உயிர், 1950களின் கடைசியில் வந்த ஜெர்மன் பெட்டிகள். கிரண்டிக், டெலிஃபங்கன் என்றால் போதும், சாப்பாடு மறந்துவிடும். கிள்ளானிலிருந்து ஓர் அக்கா அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பா வாங்கியது. ஒரு கடையில், உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு புளூடூத் வைத்துத் தருகிறோம் என்றார்களாம். "வேணாங்கா, என்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்றேன்.

பின்னட்டையைக் கழற்றினேன். பல்லி முட்டை ஓடு, பல வருடத் தூசி. அதெல்லாம் தூரிகைக்கே போய்விடும். ஆபத்து இருப்பது மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களில். நம் ஊர் ஈரக்காற்றைக் குடித்துக் குடித்து அவை மின்சாரத்தைக் கசியவிடும். கடைசி வால்வுக்குப் போகிற கண்டென்சர் கசிந்தால் அந்த வால்வு தாறுமாறாகச் சூடேறும். ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து கருகும். பிளக்கைச் சொருகாதீர்கள் என்றது இதற்குத்தான்.

ஜாலான் பசாரில் புதுக் கண்டென்சர் வாங்கி, பழைய கூட்டின் உட்புறத்தைச் சுரண்டிவிட்டு, புதியதை அதற்குள்ளேயே வைத்து மூடினேன். திறந்து பார்த்தாலும் அந்தக் காலத்துப் பெட்டியாகவே தெரியும். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது வழியில் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போடுவேன். எல்.இ.டி. ஆகாது, பழைய இழை பல்புதான். அது முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட். மங்கினால் மேலே போகலாம்.

அன்று மங்கியது. வால்வுகள் சிவந்தன. முகப்பில் பச்சைக் கண் மெல்ல ஒளிர்ந்தது. நிலையம் சரியாக விழும்போது அந்தப் பச்சை விரிந்து நிழல் ஒடுங்கும், பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள்!

நான் சொல்ல வந்ததே இனிமேல்தான். அந்தப் பெட்டிகள் பலவற்றில் பண்பலையும் உண்டு. சுமார் 87 தொடங்கி 100 மெகாஹெர்ட்ஸ் வரை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் எஃப்.எம். எங்கே இருக்கிறது? 96.3! எங்கோ ஜெர்மனியில், நம் நாடு சுதந்திரம் வாங்கிய காலத்தில் செய்த பெட்டியில், இன்றைய தமிழ் நிலையம் கச்சிதமாக உட்காருகிறது. முள் 96ஐத் தாண்டியதும் கணீரென்று தமிழ்க் குரல். அக்கா ஒன்றும் பேசவில்லை, சத்தத்தைக் கூட்டச் சொன்னார். இதைப் பிடுங்கிப்போடவா?

பண்பலை இல்லாத பெட்டியா? கவலை வேண்டாம். இரவில் சிற்றலையில் சீன ஒலிபரப்புகள் இன்றும் விழும். பின்பக்கம் கிராமபோனுக்கென்று துளைகள் இருந்தால், தகுந்த வயர் போட்டுக் கைபேசிப் பாட்டையும் கேட்கலாம். ஆனால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பெட்டிகளின் உலோகச் சட்டத்திலேயே வீட்டு மின்சாரம் முழுதாக நிற்கக்கூடும். அவற்றில் கைபேசியையும் கோக்காதீர்கள், கையையும் வைக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வாரக்கடைசிச் சந்தையில் தேடுங்கள். கீறல் இருந்தாலும் பரவாயில்லை, வால்வுகளும் முகப்புக் கண்ணாடியும் முழுதாக இருக்க வேண்டும். பரணில் வைத்திருப்பவர்களே, அதன் குடலை உருவ மட்டும் யாருக்கும் அனுமதி கொடுத்துவிடாதீர்கள்.