திரும்பி வந்த பிள்ளையும் நம் பிள்ளையே

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், நவகன்னியர் இல்லத்தின் சார்பில் ஆற்றிய உரை)



துறவறப் பயிற்சி இல்லத்தின் வாழ்வையும் பணியையும் பற்றிப் பேச வேண்டும் என்று பங்குத்தந்தை எங்களைப் பணித்தார்கள். எங்கள் பிள்ளைகளை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். ஞாயிறு திருப்பலியில் முன்வரிசையில் வெள்ளைச் சேலையோடு அமர்ந்திருப்பவர்கள் அவர்கள்தாம். உங்கள் குழந்தைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுப்பவர்களும் அவர்கள்தாம். ஆயினும் மதில் சுவருக்கு உள்ளே நடப்பது பலருக்குத் தெரியாது. தெரியாத இடத்தைப் பற்றிக் கதைகள் பிறப்பது இயல்பு. 'அங்கே பேசவே விடமாட்டார்களாம்' என்பார்கள் சிலர். 'பெற்றோரை மறந்துவிட வேண்டுமாம்' என்பார்கள் வேறு சிலர். இவற்றைக் கேட்டு நாங்கள் சிரித்துவிடுவோம். ஆனால், 'மடத்துக்குப் போனவள் திரும்பி வந்துவிட்டால் குடும்பத்துக்கே தலைகுனிவு' என்ற பேச்சைக் கேட்டு எங்களால் சிரிக்க முடிவதில்லை. இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு மனம்விட்டுப் பேச விரும்புகிறோம்.

முதலில், பயிற்சி என்பது என்ன என்று பார்ப்போம். ஒரு பெண் தனக்கு இறையழைத்தல் இருப்பதாக உணர்ந்தால், முதலில் எங்களோடு வந்து போய்ப் பழகுகிறாள். பிறகு ஓர் ஆயத்த காலம். அதன் பின்னரே நவசந்நியாசம். நீங்கள் 'நொவிஷியேட்' என்று சொல்வது இதைத்தான். 1983-ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதற்குத் தெளிவான வரம்புகளை வகுத்துள்ளது. 17 வயது நிறையாதவரை நவசந்நியாசத்தில் சேர்த்தால் அந்தச் சேர்க்கை செல்லாது. அடைக்க வழியில்லாத கடன் உள்ளவரைச் சேர்க்கலாகாது. நவசந்நியாச இல்லத்திலேயே 12 மாதங்கள் தங்கிப் பயில வேண்டும். பொதுவாக அது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளாது. தகுதியில் ஐயம் மிஞ்சினால் இன்னும் ஆறு மாதம் வரை சோதித்துப் பார்க்கலாம். அதன் பின் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கிறார்கள். அப்படிக் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது வாழ்ந்து, 21 வயதும் நிறைந்த பிறகே நித்திய வார்த்தைப்பாடு. வாசற்படியை மிதித்த நாள் முதல் நித்திய வார்த்தைப்பாடு வரை எட்டு, பத்து ஆண்டுகள் ஆவதும் உண்டு.

ஏன் இத்தனை நீண்ட காலம்? திருச்சபை யாரையும் அவசரப்படுத்த விரும்பவில்லை. நவசந்நியாசத்தில் இருப்பவர் தம் விருப்பப்படி வெளியேறலாம் என்று அதே சட்டம் கூறுகிறது. தகுதியில்லை என்று கண்டால் சபையும் அனுப்பிவிடலாம். ஆகவே, போவதற்கு ஒரு கதவும் வருவதற்கு ஒரு கதவும் வைத்தே இந்த வீட்டைத் திருச்சபை கட்டியிருக்கிறது. வெளியே வரும் கதவு சுவரில் விழுந்த ஓட்டை அன்று. திட்டமிட்டு வைத்த கதவு.

இனி எங்கள் அன்றாட வாழ்வைச் சொல்லுகிறோம். காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். தியானம், காலைச் செபம், திருப்பலி. பிறகு வேலை. ஒருத்திக்குச் சமையற்கட்டு, ஒருத்திக்கு மாட்டுத்தொழுவம், ஒருத்திக்குக் கழிவறை, ஒருத்திக்குப் பீடத்துப் பூக்கள். வாரந்தோறும் பட்டியல் மாறும். பட்டப்படிப்பு முடித்து வந்தவளுக்கும் விலக்கு இல்லை. வகுப்பில் விவிலியமும், சபையின் வரலாறும், சபைச் சட்டங்களும், வார்த்தைப்பாடுகளின் பொருளும் கற்பிக்கிறோம். நண்பகலில் ஆன்ம சோதனை, மாலையில் செபமாலை. இரவு உணவுக்குப் பின் சிரிப்பும் பாட்டுமாகச் சற்று நேரம். இரவுச் செபம் முடிந்ததும் பெரு மௌனம்.

இதில் கடினமானது எது என்று கேட்டால், அதிகாலை எழுவதும் அன்று, மௌனமும் அன்று. பிறரோடு சேர்ந்து வாழ்வதே கடினம். ஒருத்தி கடற்கரை ஊரிலிருந்து வருகிறாள். இன்னொருத்தி கரிசல் காட்டிலிருந்து வருகிறாள். ஒருத்திக்குப் புளி அதிகம் வேண்டும்; இன்னொருத்திக்கு அது ஆகாது. ஒருத்தி உரக்கப் பேசுவாள். இன்னொருத்தி அதைக் கோபம் என்று எண்ணி அழுவாள். சாதியின் பெயரை வாயால் சொல்லாமலே சாதியைக் காட்டவும் மனித உள்ளம் அறியும். யாருடைய தட்டை யார் கழுவத் தயங்குகிறாள், யாருக்குப் பக்கத்தில் யார் பாய் விரிக்கிறாள் என்பதில் அது எட்டிப் பார்க்கும். ஒரே பானைச் சோற்றை உண்டு, ஒருவர் தட்டை ஒருவர் கழுவி, நோயுற்றவளுக்கு மற்றவள் கஞ்சி ஊட்டி, அந்த நஞ்சு வேரோடு வெளியேற வேண்டும். 'எல்லாரும் சகோதரிகள்' என்று பாடுவது எளிது. கண் எரியும் சமையற்கட்டில் அதை மெய்ப்பிப்பதுதான் நவசந்நியாசம்.

சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகள் இருவர் இருவராகப் பணிக்குப் புறப்படுகிறார்கள். முதியோர் இல்லத்தில் பாட்டிமாரின் நகம் வெட்டுகிறார்கள், தலை வாருகிறார்கள், புண்ணைக் கழுவிக் கட்டுகிறார்கள். கிளைக் கிராமங்களில் ஞானோபதேசம் கற்பிக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு அருகே அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கிறார்கள். ஒரே கதையைப் பத்தாம் முறை சொல்லும் பாட்டியிடம் முதல் முறை கேட்பவளைப் போலக் கேட்பதும் ஒரு பயிற்சியே. பலர் பார்க்கச் செய்யும் சேவை எளிது. யாரும் பாராத இடத்தில், நன்றி சொல்ல நினைவும் இல்லாதவருக்குச் செய்வது அரிது. அதில் நிலைக்க முடியுமா என்பதை அந்தப் பெண்ணும் அறிய வேண்டும், நாங்களும் அறிய வேண்டும்.

இத்தகைய சோதனை எங்கள் கண்டுபிடிப்பு அன்று. 16-ஆம் நூற்றாண்டில் புனித இஞ்ஞாசியார் இயேசு சபையை நிறுவியபோது, ஓராண்டு நவசந்நியாசமே வழக்கமாக இருந்தது. அவர் அதை இரண்டு ஆண்டுகளாக்கினார். தம் சபையில் சேர வருபவர்களுக்குச் சில சோதனைகளையும் வகுத்தார். ஒரு மாதம் ஞானப் பயிற்சி செய்ய வேண்டும். ஒரு மாதம் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஊழியம் புரிய வேண்டும். ஒரு மாதம் கையில் காசில்லாமல், பிச்சை எடுத்துத் திருயாத்திரை போக வேண்டும். வீட்டில் தாழ்ந்த வேலைகளைச் செய்ய வேண்டும். சிறுவர்க்கும் எளியோர்க்கும் ஞானோபதேசம் கற்பிக்க வேண்டும். ஓரியூரில் 1693-இல் இரத்தம் சிந்திய நம் புனித அருளானந்தர், போர்ச்சுக்கல் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை. 1662-இல் லிஸ்பனில் நவசந்நியாசத்தில் புகுந்து, இந்தப் பள்ளியில்தான் அவரும் பயின்றார். எங்கள் சபை இயேசு சபையைச் சேர்ந்ததன்று; ஆயினும் வேலையிலும் ஊழியத்திலும் அழைத்தலைச் சோதிக்கும் இந்த முறையால் எங்களைப் போன்ற சபைகள் பலவும் பயன் பெற்றுள்ளன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969-இல் உரோமை வெளியிட்ட ஏடு, நவசந்நியாசக் காலத்திலேயே இல்லத்துக்கு வெளியே பணி செய்து பயில இடமளித்தது. உங்கள் தெருக்களில் எங்கள் பிள்ளைகளை நீங்கள் பார்ப்பது அதன் பலனே.

இப்படிப் பயின்ற பெண்கள் நம் நாட்டுக்குச் செய்தது கொஞ்சமன்று. பெண் குழந்தைகள் எழுத்தறிவு பெறுவதை வேண்டாத ஒன்றாகக் கருதிய காலத்தில், 1844-இல், துப்புயி அடிகளார் புதுச்சேரியில் இந்நாட்டுப் பெண்களைக் கொண்டே மரியாவின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதே அவர் நோக்கம்.

சரி, சோதனை என்றால் எல்லாருக்கும் ஒரே முடிவு வருமா? பொன்னை உரைத்துப் பார்ப்பது அது பொன்னா என்று அறியத்தானே! நவசந்நியாசத்தில் கேட்கும் கேள்வியோ, 'இவள் நல்லவளா, கெட்டவளா?' என்பதன்று. 'இந்த வாழ்வுதான் இவளுக்கு இறைவன் குறித்த வழியா?' என்பதே கேள்வி. 'அன்று' என்பதும் ஒரு விடை. அதுவும் செபத்தில் கிடைத்த விடை.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை, நம் சிறுமலரை, அறியாத வீடு இங்கே இராது. அவர் தந்தை லூயி மார்ட்டின் இளமையில் ஆல்ப்ஸ் மலைமீதுள்ள மடத்தில் சேர விரும்பினார். இலத்தீன் தெரியாததால் அவரை ஏற்கவில்லை. அவர் கடிகாரம் செய்யும் தொழிலுக்குப் போனார். தாய் செலி குவேரின் பிறரன்புச் சகோதரிகளின் சபையை நாடினார்; அங்கே அவரையும் ஏற்கவில்லை; அவர் பின்னல் சரிகை செய்யும் தொழிலைக் கற்றார். மடத்தின் கதவு திறக்காத இந்த இருவரும் 1858-இல் மணம் புரிந்தனர். ஒன்பது பிள்ளைகள் பிறந்து, நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். எஞ்சிய ஐந்து பெண்களும் கன்னியர் ஆனார்கள். 2015, அக்டோபர் 18-இல் திருத்தந்தை பிரான்சிஸ் லூயியையும் செலியையும் புனிதர்களாக உயர்த்தினார். மடம் ஏற்காதவர்களைப் பீடம் ஏற்றது!

அந்த வீட்டிலேயே இன்னொரு பாடமும் உண்டு. ஐந்து பெண்களில் லெயோனி என்பவர் பள்ளியில் பின்தங்கியவர், உடல் நலிந்தவர். 1886-இல் கிளாரா சபை மடத்தில் சேர்ந்தார். சில வாரங்களில் வீடு திரும்பினார். 1887-இல் கான் நகரில் உள்ள விசிட்டேஷன் மடத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே திரும்பினார். 1893-இல் அதே மடத்தில் மீண்டும் சேர்ந்து, 1895-இல் மூன்றாம் முறையாக வெளியே வந்தார். அப்போது தாயும் இல்லை, தந்தையும் இல்லை. தாய்மாமன் வீட்டுக் கதவு அவருக்குத் திறந்தது. மடத்தில் இருந்த சகோதரிகள் அவரை அன்போடு தாங்கினார்கள். 1899-இல் நான்காம் முறையாகப் போனார். 1941-இல் இறக்கும் வரை அங்கேயே நிலைத்தார். 2015-இல் அவருடைய முத்திப்பேறு பட்டத்துக்கான விசாரணை தொடங்கியது. பெற்றோரே, ஒரு கணம் சிந்தியுங்கள். மூன்றாம் முறை திரும்பி வந்த பெண்ணை அந்தத் தாய்மாமன் வாசலிலே நிறுத்தி, 'எங்கள் மானத்தை வாங்கிவிட்டாயே' என்று சொல்லியிருந்தால்?

நம் ஊர்களில் சொல்கிறார்களே! 'மடத்துக்குப் போய் வந்த பெண்' என்று வரன் தட்டிப் போகிறது. 'என்ன தப்புச் செய்தாளோ' என்று குழாயடியில் பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சுக்கு அஞ்சி, மனத்தில் அமைதி இல்லாமலே வார்த்தைப்பாடு கொடுத்து, வாழ்நாளெல்லாம் கசப்போடு வாழ்பவர் ஒருவர் உண்டானால், அந்தப் பாவத்தில் ஊருக்குப் பங்கில்லையா? வற்புறுத்தலாலோ பெரும் அச்சத்தாலோ ஒருவர் நவசந்நியாசத்தில் புகுந்தால் அது செல்லாது என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. ஊர் வாய்க்கு அஞ்சி உள்ளேயே தங்குவதும் நல்ல அடித்தளம் ஆகாது.

ஆகவே உங்களிடம் நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, நேர்ச்சைக் கடனைத் தீர்க்க ஒரு பெண்ணை மடத்துக்கு அனுப்பாதீர்கள். நேர்ந்தது நீங்கள், வாழ வேண்டியது அவள்.

இரண்டாவது, அழைத்தல் உண்டென்று அவளே உணர்ந்தால் தடுக்காதீர்கள். இன்று பல வீடுகளில் ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளைகள்தாம். கொடுப்பதன் வலி எங்களுக்குத் தெரியும். ஆயினும் அவள் கேள்வியை அவளே சோதித்துப் பார்க்க விடுங்கள்.

மூன்றாவது, பயிற்சிக் காலத்தில் அவளைப் பார்க்க வரும்போது, 'ஊரெல்லாம் உன்னைப் பற்றித்தான் பெருமை' என்று சொல்லிச் சுமை ஏற்றாதீர்கள். 'நீ எங்கே இருந்தாலும் எங்கள் பிள்ளை' என்று சொல்லுங்கள். அந்தச் சொல் இருந்தால் அவள் இறைவனுக்குச் சொல்லும் 'ஆம்' சுதந்திரமான 'ஆம்' ஆக இருக்கும்.

நான்காவது, திரும்பி வருபவளை அணைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கும் இதில் கடமை உண்டு. சபையை விட்டு விலகுவோரிடம் நீதியோடும் நற்செய்தியின் அன்போடும் நடந்துகொள்ளச் சட்டத் தொகுப்பு சபைகளைப் பணிக்கிறது. நவகன்னியாக இருந்து திரும்புபவளையும் நாங்கள் அவ்வாறே நடத்த வேண்டும். சான்றிதழ்களை ஒப்படைத்து, பேருந்து ஏற்றிவிட்டதோடு எங்கள் பொறுப்பு தீராது. அவள் படிப்பைத் தொடரவும் வேலை தேடவும் கை கொடுக்க வேண்டும். நீங்களோ அவளைப் பாடற்குழுவுக்கு அழையுங்கள், மறைக்கல்வி கற்பிக்கக் கேளுங்கள். எங்களிடம் அவள் கற்ற செபமும், பொறுமையும், நோயாளியைத் தொடும் கையும் அவளோடு ஊர் திரும்பியிருக்கின்றன. அவை நாளை ஒரு நல்ல மனைவியின், தாயின், செவிலியின், ஆசிரியையின் செல்வமாகும். அவளைப் பயிற்றுவித்த காலம் வீண் என்று நாங்கள் ஒருநாளும் எண்ணமாட்டோம்.

அன்பார்ந்தவர்களே, யூபிலி என்னும் சொல்லின் பொருள் என்ன? ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்கும்போது, அடிமைகள் விடுதலை பெற்று, ஒவ்வொருவரும் தம் நிலத்துக்கும் தம் குடும்பத்துக்கும் திரும்ப வேண்டும் என்று லேவியர் ஆகமம் கட்டளையிடுகிறது. யூபிலி ஆண்டே திரும்பி வருபவர்களின் ஆண்டுதான்!

இந்தப் பங்கு இறைவனுக்குக் கொடுத்த குருக்கள், கன்னியரின் படங்களை இந்த மலரில் அழகாக அச்சிட்டிருக்கிறீர்கள். அவர்களுக்காக உங்களோடு சேர்ந்து நன்றி கூறுகிறோம். படம் அச்சேறாத சிலரும் உங்களிடையே உண்டு. அவர்களும் ஒரு நாள் பெட்டியோடு புறப்பட்டார்கள். இறைவனிடம் நேர்மையாகக் கேட்டார்கள். கிடைத்த விடையோடு திரும்பினார்கள். யூபிலி நன்றித் திருப்பலியில் அவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம். எங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்காகவும் செபியுங்கள்: நிலைத்திருக்க வேண்டியவள் அமைதியோடு நிலைக்கட்டும், திரும்ப வேண்டியவள் தலைநிமிர்ந்து திரும்பட்டும்.

யூபிலி நாயகரான இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.