குடும்ப மருத்துவரும் காப்பீட்டு அட்டையும்
(விழா அவையில் ஆற்றப்பெற்ற உரை)



முதியவர் இருவர் மட்டுமே வாழும் வீடுகள் இன்று ஊர்தோறும் உள்ளன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் பணியில் இருக்கின்றனர். அத்தகைய வீடொன்றில் தந்தையாருக்குப் பல நாள்களாக மூச்சிரைப்பு இருந்து, ஓரிரவு மிகுந்துவிடுகிறது. தாயார் மகனைத் தொலைபேசியில் அழைக்கிறார். மகன் தமக்குத் தெரிந்த ஒரு தனியார் மருத்துவமனையின் பெயரைச் சொல்ல, வாடகை வண்டி அங்கே விரைகிறது. முன்பணம் கட்டிய பின்னரே அரசுக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது என்பது தெரிய வருகிறது. சில நாள்களில் நகைகள் அடகுக்குப் போகின்றன. அட்டையோ வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. இது பல குடும்பங்கள் பட்டறிந்த துன்பம்.

இத்துன்பத்திற்குப் பின்பே, “அரசுக் காப்பீட்டை ஏற்கும் குடும்ப மருத்துவர் எங்கே இருக்கிறார்?” என்ற வினா எழுகிறது. இதற்கு விடை காண வேண்டுமானால், அட்டை எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை முதலில் தெளிய வேண்டும்.

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கான உயிர்காக்கும் சிகிச்சைக் காப்பீடு 2009ஆம் ஆண்டில் தொடங்கியது. 2012 சனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மலர்ந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனாவுடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பம் இதில் சேரலாம். குடும்பம் ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு.

ஆனால் இப்பாதுகாப்பு பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் அறுவைக்கும் உரியது. காய்ச்சலுக்கோ மூட்டுவலிக்கோ ஊர் மருத்துவரிடம் செல்லும்போது அவருக்குத் தரும் கட்டணத்தை இவ்வட்டை ஏற்காது. மாதந்தோறும் ஓய்வூதியத்தில் சந்தா பிடிக்கப்படும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் காப்பீடும் அடிப்படையில் மருத்துவமனைச் சிகிச்சைக்கே உரியது. ஆகவே அட்டையை வாங்கிக்கொள்ளும் தனி மருத்துவரைத் தேடி அலைவதால் பயனில்லை. அட்டை எங்கே செல்லும் என்பதை அறிந்து, உரிய வேளையில் அங்கே அனுப்பி வைக்கும் மருத்துவரையே தேட வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஆலைகளிலும் நிறுவனங்களிலும் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இ.எஸ்.ஐ. காப்பீட்டிற்கு உரியவர். ஊதியத்தில் 0.75 விழுக்காடு அதற்கெனப் பிடிக்கப்படுகிறது. அவரும், மனைவி மக்களும், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோரும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் அன்றாட நோய்களுக்கும் மருத்துவரைக் காணலாம், மருந்தும் பெறலாம். ஊதியச் சீட்டில் பிடித்தத்தைக் கண்டும் மருந்தகத்தின் வாயிலை மிதிக்காத இளைஞர் பலர். பெற்றோரின் பெயரைப் பதிவு செய்யாதவர் அவரினும் பலர்.

மற்றவர்களுக்குக் குடும்ப மருத்துவர் யார்? கட்டணமில்லாத முதல் விடை, ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். அங்குள்ள மருத்துவருக்குக் காப்பீட்டு அட்டையே வேண்டுவதில்லை. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்வழி, இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டிற்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. மதிப்புக் குறைவு என்று கருதி இதனைத் தவிர்ப்போர், பின்னர் சிறுநீரகம் பழுதுற்ற நிலையில் பெருஞ்செலவுக்கு ஆளாகின்றனர்.

தனியார் மருத்துவரையே நாடுவோர் சிலவற்றைக் கேட்டறிதல் நலம். அவர் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா? ஒரே இடத்தில் பல்லாண்டு இருப்பவரா? நோயாளியின் பழைய சீட்டுகளைப் பார்த்த பின்னரே புதிய மருந்து எழுதுபவரா? தம்மால் இயலாததை இயலாது என்று சொல்லி, கடிதம் எழுதி மேல்சிகிச்சைக்கு அனுப்புபவரா? இவற்றோடு இன்றியமையாத வினா ஒன்று உண்டு: “இவருக்கு இருதயச் சிகிச்சையோ அறுவையோ தேவைப்பட்டால், அரசுக் காப்பீட்டில் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்?” இதற்குத் தயங்காமல் விடை தரும் மருத்துவரே, உண்மையில் அரசுக் காப்பீட்டை ஏற்கும் குடும்ப மருத்துவர். மருந்துக்கடையில் நோயைச் சொல்லி மாத்திரை வாங்குவது மருத்துவம் ஆகாது.

இவ்விடத்தில் இன்னொரு நுட்பமும் அறியத்தக்கது. ஒரு மருத்துவமனை பட்டியலில் இருப்பதனாலேயே அங்குள்ள எல்லாத் துறைகளும் பட்டியலில் இருப்பதாகப் பொருளன்று. எலும்பு முறிவுக்கு ஏற்பு பெற்ற மருத்துவமனை, புற்றுநோய்க்கு ஏற்பு பெறாததாக இருக்கலாம். சிகிச்சைக்கு முன் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். பட்டியலில் இல்லாத இடத்தில் கட்டிய பணத்தைப் பின்னர் அட்டையைக் காட்டித் திரும்பப் பெற இயலாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இத்திட்டம் நடைமுறையில் உள்ளது. திருவண்ணாமலை, விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம், வேலூரை அடுத்த அடுக்கம்பாறை, செங்கல்பட்டு ஆகிய இடங்களில் அவை உள்ளன. பட்டியலையும் துறையையும் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டு அறியலாம்.

வீட்டின் வழக்கங்களை அறிந்த மருத்துவரால் விளையும் நன்மை பெரிது. பொழுது சாயுமுன் உணவை முடிக்கும் முதியவருக்கு, “இரவு உணவுக்குப் பின்” என்று நீரிழிவு மாத்திரை எழுதித் தந்தால் என்ன ஆகும்? வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கி, நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து மயங்குவார். அல்லது மாத்திரையையே விட்டுவிடுவார். உண்ணாநோன்பு நாள்களிலும் இதே இடர் உண்டு. உணவு வேளையையும் நோன்பு நாளையும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால், மருந்தின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றித் தருவார். சொல்லாமல் மறைப்பது நோயாளியின் பிழை. கேளாமல் எழுதுவது மருத்துவரின் பிழை. ஆண்டுகள் பல பழகிய மருத்துவரிடம் இவ்விரு பிழைகளும் நேர்வதில்லை.

நோய் வருமுன் செய்ய வேண்டியவை சில. கிராம நிர்வாக அலுவலரின் வழியாக வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்ய வேண்டும். மகன் தனிக் குடும்ப அட்டை பெற்றுச் சென்றிருந்தால், பெற்றோர் தங்கள் அட்டையின் பேரில் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். 70 வயது நிறைந்தோர் அனைவருக்கும் வருமான வரம்பின்றி 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு என்னும் விரிவாக்கத்தை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது; அதன் பதிவு பற்றியும் அம்மையத்தில் கேட்டறியலாம். காப்பீட்டு எண், உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், மருத்துவரின் தொலைபேசி எண், பட்டியலிலுள்ள அருகிலிருக்கும் மருத்துவமனையின் பெயர் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தல் வேண்டும். அதன் படி ஒன்று வெளியூரிலுள்ள பிள்ளைகளிடமும் இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நெஞ்சுவலி, பக்கவாதம், விபத்து ஆகிய வேளைகளில் அட்டை செல்லும் இடத்தைத் தேடிக் காலம் கடத்தலாகாது. உடனே 108ஐ அழைத்து, உரிய சிகிச்சை கிடைக்கும் அருகிலுள்ள மருத்துவமனையை அடைய வேண்டும். உயிர் முதலாவது, கணக்கு பின்னது.

ஊர்தோறும் இளைஞர் இருவர் இப்பணியை ஏற்றால் போதும். தனித்து வாழும் முதியோர் வீடுகளுக்குச் சென்று, அட்டை உள்ளதா, புதுப்பிக்கப்பட்டுள்ளதா, மருத்துவர் யார் என்று கேட்டு, அந்தத் தாளை நிரப்பித் தரலாம். ஒரு வீட்டிற்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாள், பின்னாளில் ஒரு தாயாரின் கழுத்து நகையையும் ஒரு தந்தையாரின் உயிரையும் காக்கக்கூடும். இன்று வீடு திரும்பியதும், அலமாரியிலுள்ள அட்டையை எடுத்துப் பார்ப்பதிலிருந்து அப்பணி தொடங்கட்டும்.