கடைவீதியும் வாக்குச்சீட்டும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





உள்ளாட்சித் தேர்தல் என்றால் வாசலுக்கு வரும் வேட்பாளர் தவறாமல் சொல்லும் ஒரு வாக்குறுதி உண்டு: "கடைவீதியைப் புதுப்பித்துத் தருவேன்." நம்மில் பலருக்குக் கடைவீதிதான் பிழைப்பு. ஆகவே அந்த வாக்குறுதியைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். கடைவீதியைத் தூக்கி நிறுத்தியதைக் காட்டியே ஒருவர் பத்து முறை மேயரான ஊர் அமெரிக்காவில் இருக்கிறது.

தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன்தான் அது. பழைய துறைமுக ஊர். 1980-ல் மக்கள்தொகை சுமார் 70,000. நம் பக்கத்து நகராட்சிகளின் அளவுதான். ஜோசப் ரைலி என்பவர் 1975-ல், 32 வயதில் மேயரானார். பதவியை விட்டு இறங்கியது 2016 ஜனவரியில். நாற்பது ஆண்டுகள்!

அவர் வந்தபோது ஊரின் பெரிய கடைவீதியான கிங் தெரு களையிழந்து கிடந்தது. கார் வைத்திருந்தவர்கள் புறநகர் மால்களுக்குப் போய்விட்டார்கள். ஊர் நடுவே ஒரு பெரிய ஹோட்டலும் அதோடு சேர்ந்த கடைகளும் கட்டினால் தெரு உயிர்பெறும் என்று 1977-ல் திட்டம் போட்டார். (ஹோட்டல் என்றதும் பிரியாணிக் கடையை நினைத்துவிடாதீர்கள், இது தங்கும் ஹோட்டல்.) பழைய கட்டடங்களின் அழகு கெடும் என்று எதிர்ப்பு கிளம்பியது, வழக்கும் நடந்தது. இடையில் தேர்தல்களும் வந்துபோயின. மனிதர் விடவில்லை. 1986-ல் ஹோட்டல் திறந்தது, கிங் தெருவுக்குக் கூட்டம் திரும்பியது. ஆற்றங்கரையில் எல்லோரும் காசில்லாமல் உட்காரும் பூங்காவையும் 1990-ல் திறந்தார். இன்னொன்றும் எனக்குப் பிடித்தது: ஏழைகளுக்கான அரசு வீடுகளை ஒரே மூலையில் அடுக்காமல், பழைய தெருக்களின் காலி மனைகளில், அக்கம்பக்கத்து வீடுகளைப் போலவே கட்டச் செய்தார்.

இவ்வளவு கவனமாகச் செய்தவரின் ஊரிலும் நடந்ததைக் கேளுங்கள். தெரு மின்ன மின்ன மனை விலை ஏறியது. வாடகையும் சொத்து வரியும் கூடவே ஏறின. 1980-ல் அந்நகர மக்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கறுப்பின மக்கள். 2010-ல் நாலில் ஒரு பங்கு. நகர எல்லை விரிந்ததும் அதற்கு ஒரு காரணம், அதை மறைக்கக்கூடாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகப் பழைய நகரில் வாழ்ந்த குடும்பங்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியேறியது உண்மை. தெரு பிழைத்தது, தெருக்காரர் பலர் அங்கே இல்லை.

இதைச் சொல்வது புதுப்பிப்பே வேண்டாம் என்பதற்காக அல்ல. மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் நின்று வியாபாரம் செய்பவர்களிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா? வாக்கு கேட்டு வருபவரிடம் எதைக் கேட்பது என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் அந்த மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நம் நகராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள். அதனால் கேள்வி வார்டு வேட்பாளரிடமே போக வேண்டும். நகராட்சிக் கடைகளை இடித்துக் கட்டினால், பழைய வாடகைதாரருக்கே கடை திரும்பக் கிடைக்குமா, அல்லது புதிய ஏலமா? அட்வான்ஸ் எவ்வளவு? கட்டி முடியும் வரை எங்கே உட்கார்ந்து விற்பது? வாய்ச்சொல் போதாது, எழுதிக் கேளுங்கள்.

தள்ளுவண்டி, பூக்கடை, தரைக்கடை வைத்திருக்கும் தாய்மார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் தரும்வரை உங்களை அப்புறப்படுத்தக்கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் உங்கள் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நம் ஊரில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நகராட்சி அலுவலகத்தில் கேட்க, வரும் வாரம் நம் அறக்கட்டளையிலிருந்து இருவர் போகிறார்கள்.

வாடகை ரசீது, தரைக்கடை கட்டணச் சீட்டு எது இருந்தாலும் அஸர் தொழுகைக்குப் பின் நம் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். நகல் எடுத்து, பெயர்வாரியாகக் கோப்பில் வைக்கிறோம். ரசீதே கொடுக்கப்படாதவர்களும் வாருங்கள், எத்தனை ஆண்டாக எந்த இடத்தில் கடை என்பதையாவது எழுதிக்கொள்வோம்.