உடம்பே விரட்டும் கிருமி

எச்.பி.வி. கிருமி தொற்றினாலே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான் என்று அஞ்சும் பெண்கள் ஜெஞ்சாரோமிலும் உண்டு. அப்படியில்லை, தாய்மார்களே! பெரும்பாலான இளம்பெண்களின் எதிர்ப்புச் சக்தியே 2 ஆண்டுக்குள் அதை விரட்டிவிடுகிறது. அதனால்தான் இக்கிருமிப் பரிசோதனையை 30 வயதிலிருந்து செய்கிறார்கள். 20 வயதில் செய்தால் வீண் கலக்கமே மிஞ்சும்.

ஆனால், ஒருமுறை விரட்டிய உடம்பு மறுமுறையும் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. 16, 18 வகைக் கிருமிகள் தங்கிவிட்டால், பல ஆண்டுகள் வலியே காட்டாமல் வேலை செய்யும்.

மலேசியப் பள்ளிகளில் 13 வயது மாணவியருக்கு இலவசத் தடுப்பூசி 2010இல்தான் தொடங்கியது. அதற்குமுன் அந்த வயதைக் கடந்தவர்களில் பலர் ஊசி போடாதவர்கள். அவர்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மலாயாப் பல்கலைக்கழகம் பங்கேற்று 2018இல் தொடங்கிய ரோஸ் திட்டத்தில், சிறு குச்சியால் பெண்ணே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். பாப் ஸ்மியர் என்றதும் கூசி ஒதுங்குபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். முடிவும் கைத்தொலைபேசிக்கே வந்துவிடும்.