முழ நூல் போதும்



பள்ளியில் படிக்கும்போது, என் நீலத் தாவணியின் ஓரத்தில் நானே பூப்போட ஆசைப்பட்டேன். கார்பன் தாள் வைத்துப் படம் வரைந்தேன். துணியை வளையத்தில் இறுக்கினேன். அடிக்கடி ஊசி கோக்கச் சோம்பல். அதனால் இரண்டு கையையும் விரித்து, நீளமாக நூலை எடுத்தேன். நாலு தையல் போடுவதற்குள் நூல் முறுக்கிக்கொண்டது. முடிச்சு விழுந்தது. ஒரே ஒரு இதழுக்கு ஒரு சாயங்காலமே போயிற்று.

பாட்டி பார்த்தார். "முழம் போட்டு எடும்மா" என்றார். பூக்காரம்மா மல்லிகைக்கு முழம் போடுவாரே, அதுபோல. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. அவ்வளவு நூல் போதும்.

இன்னொன்று. கடையில் வாங்கும் எம்பிராய்டரி நூலில் பொதுவாக 6 இழைகள் இருக்கும். 2 இழை வேண்டுமா? இரண்டையும் ஒன்றாக உருவாதீர்கள். ஒவ்வொன்றாக உருவுங்கள். பிறகு சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். சிக்கு விழாது.

தைக்கத் தைக்க ஊசி விரல்களுக்கிடையே சுழலும். நூலும் முறுக்கேறும். அப்போது ஊசியைக் கீழே தொங்கவிடுங்கள். தானே சுழன்று முறுக்குப் பிரியும்.

அந்தத் தாவணி இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. முதல் இதழ் கோணல். கடைசி இதழ் அச்சு அசலாக மல்லிகை. தொடும்போதெல்லாம் பாட்டியின் குரல் கேட்கிறது.

இன்று ஊசி எடுக்கப்போகிறவர்களே, நினைவிருக்கட்டும். நீளம் கூடினால் சிக்கல் கூடும். முழ நூல் போதும்.